மூத்தோரும் மின்னிலக்க மருத்துவமும்
(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

உடலை இறைவன் உறையும் கோயிலாகப் போற்றுவது சைவ மரபு. ஆலயத்தைப் பழுதுபார்த்துக் குடமுழுக்கு நடத்துவது போல உடலையும் காலந்தவறாது பேணுதல் கடமையாகும். அக்கடமைக்குரிய கருவிகள் இன்று மாறிவிட்டன. பலதுறை மருந்தகத்தில் காலையிலேயே வரிசையில் நின்று எண் பெற்றுப் பழகிய மூத்தோர், இன்று திறன்பேசி வழியாக நேரம் குறித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டு சிங்பாஸ் அறிமுகமானது. 2015ஆம் ஆண்டு ஹெல்த்ஹப் தொடங்கப்பெற்றது. மருத்துவச் சந்திப்புக்கு நேரம் குறித்தல், இரத்தப் பரிசோதனை முடிவைக் காணல், தடுப்பூசி விவரம் அறிதல், கட்டணம் செலுத்துதல் ஆகியன அதன்வழி இயலும். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, முதற்கட்டமாக 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் குறுஞ்செய்தி மூலம் அழைக்கப்பட்டனர். ஒரே குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் தொடர்ந்து ஆலோசனை பெறுவதே இதன் அடிப்படை. பதிந்துகொண்ட குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இத்தனை வசதியிருந்தும் மூத்தோர் பலர் தயங்குவதற்குக் காரணம் அறிவின்மை அன்று. எழுத்து சிறியது, மொழி பெரும்பாலும் ஆங்கிலம். துறைமுகத்திலும் கட்டுமானத் தளங்களிலும் உழைத்துக் காய்த்த விரலின் தொடுதலைத் திரை சில வேளைகளில் உணர்வதில்லை. தவறாக எதையேனும் அழுத்திவிட்டால் சேமிப்புப் பணம் போய்விடுமோ என்னும் அச்சமும் உண்டு.

ஆகவே பலர் எளிய வழியொன்றை நாடுகின்றனர். திறன்பேசியையும் கடவுச்சொல்லையும் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீரிழிவுள்ள தாய் ஒருவரின் பரிசோதனை முடிவு மகனின் கைக்கு வருகிறது. சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது. தாய் கலங்குவாரே என்று மகன் சொல்லாது விடுகிறார். அடுத்த சந்திப்பு வரை தாய் வழக்கம்போலவே உண்டு வருகிறார். மகனிடம் அன்பு குறையவில்லை. ஆயினும் தம் உடலைப் பற்றிய செய்தியைத் தாமே கடைசியாக அறியும் நிலை அத்தாய்க்கு நேர்கிறது. அதனினும் பெரிய இடர், அதே சிங்பாஸ் மருத்துவத்திற்கு மட்டுமன்றி, மத்திய சேமநிதி உள்ளிட்ட பலவற்றுக்கும் திறவுகோல் என்பதாகும்.

முறையான வழி இல்லாமல் இல்லை. மூத்தவரின் ஒப்புதலுடன் பராமரிப்பாளர் தம் சொந்தக் கணக்கின் வழியாகவே அவருடைய சந்திப்புகளையும் விவரங்களையும் கவனிக்க ஹெல்த்ஹப்பில் வசதியுண்டு. கடவுச்சொல்லை எவரிடமும் தர வேண்டியதில்லை. அரசாங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் பணத்தை மாற்றி அனுப்பும்படியோ வங்கிக் கடவுச்சொல்லைக் கூறும்படியோ கேட்கமாட்டார். ஐயம் எழுந்தால் 1799 என்னும் எண்ணை அழைத்துத் தெளிவு பெறலாம்.

கற்பிப்போரும் உளர். 2020ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட எஸ்ஜி மின்னிலக்க அலுவலகத்தின் தூதர்கள், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்கு நேரில் உதவுகின்றனர். எனினும், தமிழில் பொறுமையாக விளக்கும் ஒரு குரல் மூத்தோருக்குத் தரும் துணிவு தனியானது. அதனை அளிக்க ஆலயத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானத்திற்குக் காத்திருக்கும் வேளையில், இளையர் இருவர் ஒரு மேசையருகே அமர்ந்தாலே போதும். ஒரு நாளில் ஒரு செயல்: முதல் வாரம் எழுத்தைப் பெரிதாக்குதல், அடுத்த வாரம் சந்திப்பு நேரத்தைப் பார்த்தல். இளையர் தாமே அழுத்தி முடித்துவிடுவது உதவியாகாது. மூத்தோரின் விரலே அழுத்த வேண்டும். மறந்துவிட்டால் முகஞ்சுளிக்காமல் மீண்டும் சொல்லித்தர வேண்டும். நடக்கக் கற்றுக்கொடுத்தபோது அவர்கள் எத்தனை முறை கைகொடுத்துத் தூக்கினர் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

கண்பார்வை மங்கியோரும் நினைவு தளர்ந்தோரும் இக்கருவிகளைக் கையாள இயலாமல் போகலாம். அது குறையன்று. அவர்களுக்கு முகப்பில் நின்று உதவும் மனிதர் என்றும் தேவை. உடன் செல்லும் உறவும் தேவை.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் மூத்தோர் அனைவரும் நோயற்ற வாழ்வும் நிறைந்த ஆயுளும் பெற்று, தம் உடல்நலத்தைத் தாமே அறிந்து பேணும் நிறைவுடன் வாழ்வார்களாக!