ஓமமும் கற்பூரமும்



வயிற்று வலி என்றால் மணவூர்ப் பக்கம் முதலில் வருவது ஓமத் தண்ணீர்தான். ஓமத்தின் காரமான மணத்துக்குக் காரணம் தைமால். கற்பூரவல்லியில் அதனுடன் அதன் நெருங்கிய உறவான கார்வக்ராலும் உண்டு. இரண்டும் கொழுப்பில் கரைபவை. பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் நுழைந்து அதைக் கசியவிடும். உள்ளிருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறி, செல் இறக்கும்.

நம் செல்லுக்கும் கொழுப்புச் சவ்வுதானே? செறிவு கூடினால் அதுவும் சிதையும். “இந்த எண்ணெய் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது” என்று மாணவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால், எவ்வளவு செறிவில், நல்ல செல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப் பழக்குங்கள். கண்ணாடித் தட்டில் பினாயில்கூடக் கொல்லும்!

திருத்தணி முருகனைக் கும்பிடும் வீடுகளில் கற்பூரம் கைக்கெட்டும் மாடத்தில்தான் இருக்கும். (இன்று கடையில் விற்பது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து செய்தது.) மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வில்லையை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். யூகலிப்டஸ் தைலத்தைக் குடித்தாலும் இதேதான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.