பாம்பின் இரைக்கு எலி வளர்த்தல்



பாம்பை ஆசையோடு வீட்டில் வளர்ப்போர் உலகில் உளர் என்று சொன்னால் உங்களிற் சிலர் வியப்படையலாம். சிலர் நகைக்கவும் கூடும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பல்லாயிரம் வீடுகளிற் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பாம்புகள் வாழ்ந்து வருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நஞ்சற்றவை. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலே பிறந்த சோளப் பாம்பும், கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பும் இவ்வீடுகளில் மிகுதி. அஞ்சினால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் பின்னதற்கு அப்பெயர் வந்தது.

நம் நாட்டுக் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடங்கொடாது. இடங்கொடாதிருப்பதே நன்று. ஆயினும் கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணையைக் காணச் செல்லும் மாணவன் ஒருவன், கண்ணாடிக்கு அப்பால் அசையாது கிடக்கும் மலைப்பாம்பை நோக்கி, ‘இது எதை உண்கிறது? அந்த உணவு எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்பானாயின், அவன் நல்ல விலங்கியல் மாணவன் என்பேன். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இன்றைய என் பேச்சு.

பாம்பு பசிக்குப் புல்லைத் தின்னாது, சோற்றையும் தின்னாது. நாம் தொன்றுதொட்டு அதற்குப் படைக்கும் பாலும் அதற்கு உணவாகாது. அதற்கு வேண்டியது முழு உயிரினம். மயிர், தோல், எலும்பு, ஈரல், குடல் அனைத்தும் சேர்ந்த ஓர் உடலை அது அப்படியே விழுங்குகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் ஈரலிலிருந்து உயிர்ச்சத்தும் கிடைக்கின்றன. கடையில் வாங்கிய இறைச்சித் துண்டு இதற்கு ஈடாகாது. ஆதலின் சுண்டெலி எதைத் தின்றதோ அதையே பாம்பும் தின்கிறது எனல் பொருந்தும். எலிக்கூட்டில் நாற்றமும் பட்டினியும் இருக்குமாயின், பாம்பின் பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பயனில்லை. பாம்பு வளர்ப்போன் ஒருவனுடைய தகுதியை அறிய வேண்டுமானால் நான் முதலிற் காண விழைவது அவன் வீட்டு எலிக்கூட்டையே.

இவ்வெலிகளின் குலவரலாறு சுவையானது. ஜப்பானியர் வண்ண வண்ணச் சுண்டெலிகளைப் பொழுதுபோக்காக வளர்த்தனர். வேண்டிய நிறத்தைப் பெறும் முறைகளை விளக்கும் நூலொன்று 1787-ஆம் ஆண்டிலேயே கியோட்டோவில் அச்சாயிற்று. பின்னர் ஐரோப்பியரும் அமெரிக்கரும் அவ்வழி சென்றனர். மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கிரான்பி என்ற சிற்றூரிலே ஆபி லேத்ராப் என்ற அம்மையார் இருந்தார். அவர் முன்னாள் பள்ளி ஆசிரியை. 1900-ஆம் ஆண்டையொட்டி, ஆசைக்கு வளர்ப்போருக்கு விற்பதற்காகச் சுண்டெலி வளர்க்கத் தொடங்கினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் காசில் அவரிடம் எலி வாங்கினார். காசிலின் மாணவர் கிளாரன்ஸ் லிட்டில் அவ்வெலிகளிலிருந்து தூய மரபுவழிகளை உண்டாக்கினார். அம்மையாரின் 57-ஆம் எண் பெண்ணெலியின் வழியில் வந்ததொரு மரபின் மரபணு வரிசையே 2002-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தின் மேசைமேல் இருப்பதும் பாம்பின் பெட்டிக்குள் இடப்படுவதும் ஒரே இனம். நம் வீட்டுப் பரண்மேல் ஓடுவதும் அதன் உறவே.

உறவுதானே என்று பரணிலுள்ளதைப் பொறிவைத்துப் பிடித்துப் பாம்புக்கு இடலாமோ எனின், கூடாது. ஊரெலியின் உடலிற் குடற்புழுவும் உண்ணியும் இருக்கும். அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் நமக்கே பரவும். இவற்றினும் கொடியது எலிமருந்து. இக்காலத்து எலிமருந்துகளிற் பல, குருதி உறையாதபடி செய்து மெல்லக் கொல்பவை. மருந்தைத் தின்ற எலி சில நாள் நடமாடிக்கொண்டிருக்கும். அந்நிலையில் அதைத் தின்னும் ஆந்தையும் பூனையும் மடிந்ததுண்டு. பாம்பை மட்டும் அவ்விடருக்கு உட்படுத்துவானேன்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நான் ஓராண்டு தங்கியிருந்தேன். அங்கு என் அண்டை வீட்டார் தச்சுத்தொழில் செய்பவர். ஆறு சோளப் பாம்புகளை வளர்த்து வந்தார். அவர் தம் கொட்டகையில் நடத்திய எலி வளர்ப்பைப் பல மாலைப்பொழுதுகள் உடனிருந்து கண்டேன். நான் நூலிற் கற்றதைவிட அங்கே கற்றது மிகுதி.

முதலில் அவர் எனக்குக் காட்டியது கணக்கு. வளர்ந்த சோளப் பாம்பொன்றுக்கு வாரம் ஒரு சுண்டெலி போதும். ஆறு பாம்புக்கு மாதம் 24 சுண்டெலி வேண்டும். சுண்டெலியின் சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகள் என்று கொள்வோம். குட்டிகள் மூன்று வாரத்திற் பால் மறக்கும். ஆறு வாரத்தில் தாமே ஈனும் பருவத்தை நெருங்கும். ஓர் ஆணும் மூன்று பெண்ணும் கொண்ட ஒரு குடும்பமே அவ்வீட்டுப் பாம்புகள் அனைத்துக்கும் ஏறத்தாழப் போதும் என்று இதிலிருந்து தெரிகிறதன்றோ? ஆயினும் அவர் இரு குடும்பங்களை வைத்திருந்தார். காரணம் கேட்டேன். ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே பெண் சுண்டெலி மீண்டும் சினைப்படக் கூடியது. ஆணை உடன் விட்டுவைத்தால், ஒரு குட்டிக்கூட்டத்துக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்ததை வயிற்றிற் சுமக்கும். கணக்குப்படி அது ஆதாயமே. தாயின் உடலோ உருக்குலைந்துவிடும். ஆகவே அவர் ஒரு குடும்பம் ஈனும்போது மற்றொன்றின் ஆணைப் பிரித்துத் தாய்களுக்கு ஓய்வு கொடுப்பார். இந்த ஓய்வுக்காகவே இரட்டைச் செலவு. ஓய்வு பெற்ற தாயின் குட்டிகள் கொழுமையாக இருந்ததையும் என் கண்ணாற் கண்டேன்.

கூட்டின் அடியில் இடும் மரச்சீவலைப் பற்றி அவர் ஒரு மாலை முழுவதும் பேசக்கூடியவர், தச்சர் அல்லரோ! மணமுள்ள சிடார் மரச்சீவல் ஆகாது. அதிலிருந்து எழும் ஆவிகள் எலியின் ஈரலைத் தாக்குகின்றன. ஆஸ்பென் போன்ற மணமற்ற மரத்தின் சீவலே தக்கது. அது நனைந்து நாட்பட்டால் சிறுநீரிலிருந்து அம்மோனியா எழும்; நம் மூக்கு அதை உணருமுன்னரே, தரையோடு தரையாக வாழும் எலியின் மூச்சுக்குழல் புண்படத் தொடங்கிவிடும். பெரிய எலிகளுக்கு இது பின்னும் கேடு. அவற்றின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் பெரும்பாலும் பதுங்கியிருக்கும். அம்மோனியா ஏறினால் அது தலையெடுக்கும். எலி தும்மும், கண்ணோரத்திற் சிவப்பு நீர் கசியும். புதியோர் அதைக் குருதி என்று எண்ணி அஞ்சுவர். அது கண்ணருகேயுள்ள சுரப்பியொன்றின் நிறப்பொருளே.

உணவுக்கு ஆய்வுக்கூடங்களில் வழங்கும் கட்டித் தீவனமே சிறந்தது. சூரியகாந்தி விதையை எலி விரும்பித் தின்னும், தின்று கொழுப்பேறும், அக்கொழுப்புப் பாம்பையும் சேரும். தண்ணீர்ப் புட்டியை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். அதன் முனையிலுள்ள சிறு குண்டு சிக்கிக்கொண்டால், புட்டி நிறைய நீர் இருக்கும்போதே கூடு முழுவதும் தாகத்தால் மடியும்.

ஈன்ற முதற் சில நாட்களிற் கூட்டைக் கிளறலாகாது. அஞ்சிய தாய் தன் குட்டிகளைத் தானே கொன்றுவிடுவதுண்டு. எட்டி நின்று பார்த்தாலே போதும். பிறந்த குட்டி மயிரின்றி இளஞ்சிவப்பாக, ஒரு கிராமை ஒட்டிய எடையோடு இருக்கும். பால் குடித்திருந்தால் மெல்லிய தோலூடே வயிற்றில் ஒரு வெண்புள்ளி தெரியும். ஒரு வாரத்தில் மயிர் அரும்பும். இரு வாரத்திற் கண் திறக்கும். பிறகு தத்தித் தாவும். பாம்பு வளர்ப்போர் இப்பருவம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கின்றனர். ஏனெனிற் பாம்பின் உடல் எவ்விடத்திற் பருத்திருக்கிறதோ, அவ்விடத்தின் பருமனை மிகாத இரையே அதற்கு ஏற்றது. முட்டையிலிருந்து வந்த சோளப் பாம்புக்குப் பிறந்த குட்டி. வளர்ந்ததற்கு வளர்ந்த சுண்டெலி. பந்து மலைப்பாம்புக்கோ நாளடைவிற் பெரிய எலி வேண்டும். அதைச் சுண்டெலிக்கே பழக்கிவிட்டால், பின்னர்ப் பெரிய எலியை ஏறெடுத்தும் பாராமல் மாதக்கணக்கிற் பட்டினி கிடக்கும் பிடிவாதம் அதற்கு உண்டு.

இனிச் சொல்லவேண்டியது கடினமானது. வளர்த்த எலியைக் கொல்லுதல் வேண்டும்.

உயிரோடு பெட்டிக்குள் விட்டுவிட்டாற் பாம்பு பார்த்துக்கொள்ளும் என்போர் உளர். அதுவே இயற்கை என்றும் சொல்வர். காட்டில் எலிக்கு ஓட வழியுண்டு; கண்ணாடிப் பெட்டியில் இல்லை. மேலும், பசியற்ற பாம்போடு அடைபட்ட எலி அச்சத்தாலும் பசியாலும் பாம்பையே கடித்து எலும்பு தெரியப் புண்ணாக்கிய செய்திகள் மருத்துவர் பலர் அறிந்தவை. ஆதலின் முன்னரே கொன்று உறையவைத்த இரையைக் கொடுப்பதே இன்று தேர்ந்தோர் வழக்கு. கொல்லும் முறையிலும் நெறி உண்டு. எலியை அதன் சொந்தக் கூட்டிலேயே வைத்துக் கரியமிலவாயுவை அளவறிந்து மெல்லச் செலுத்துவர். நிமிடத்துக்குக் கூட்டின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு என்பது அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வரையறை. இதுவும் முற்றிலும் துன்பமற்றதன்று. வாயு அடரும்போது எலிகள் விலகி ஓட முயல்வதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். பிறந்த குட்டிகளோ மூச்சுக்காற்றின்றி நெடுநேரம் தாங்குபவை. வளர்ந்தவற்றுக்குப் போதும் நேரம் அவற்றுக்குப் போதாது. குட்டிகளை உயிரோடு உறைபெட்டியில் இட்டுவிடுவாரும் உண்டு. அது செய்யத்தகாத செயல்.

அத்தச்சருக்குப் பத்து வயது மகள் ஒருத்தி இருந்தாள். பாம்புகள் ஆறுக்கும் பெயர் இருக்கச் சுண்டெலிகளுக்கு ஏன் பெயரில்லை என்று என் முன்னிலையிலேயே தந்தையை வினவினாள். அவர் தம் குறிப்பேட்டை விரித்தார். தாய்கள் ஒவ்வொன்றுக்கும் எண் இருந்தது; ஈன்ற நாள், குட்டிகளின் தொகை, ஓய்வு நாள், நோய் அனைத்தும் எழுதப்பட்டிருந்தன. எண் பெயராகாது என்றாள் சிறுமி. அவர் மறுக்கவில்லை. அவற்றின் வாழ்நாள் சில வாரமே, அதில் ஒரு நாளும் துன்ப நாளாக இராதபடி பார்த்துக்கொள்வது தம் கடன் என்று மட்டும் சொன்னார். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, அப்படியானால் விளையாட ஏதேனும் வேண்டுமே என்றாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கூட்டிலும் ஒரு காகிதக் குழாய் கிடந்தது. சுண்டெலிகள் அதனுள் நுழைந்து வருவதும் இரவில் அதைக் கடித்துத் துகளாக்கிக் கூடு கட்டுவதும் வழக்கமாயின. வளர்ச்சி விரைந்ததா என்று தச்சர் தம் குறிப்பேட்டில் தேடவில்லை. தந்தை, மகள் இருவருள் நான் மகளின் பக்கமே சாய்கிறேன்.

உறைந்த எலியைக் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல்நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுவர். பிறகு பையோடு வெந்நீரில் அமிழ்த்தி, உயிருள்ள எலியின் உடற்சூடு வருமளவும் வெதுவெதுப்பாக்குவர். பந்து மலைப்பாம்பின் உதட்டிலுள்ள சிறு குழிகள் வெப்பத்தை உணர்பவை; குளிர்ந்த எலியை அது இரையென்றே கொள்ளாமற் போகலாம். நீண்ட இடுக்கியாற் பிடித்து நீட்டுதல் வேண்டும். எலி மணமுள்ள விரலைப் பாம்பு எலியென்றே கருதும்.

உறையவைத்தால் நோய்க்கிருமி மடியும் என்று எண்ணற்க. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பாம்புகளுக்கென விற்கப்பட்ட உறைந்த எலிகளிலிருந்து சால்மொனெல்லா என்ற குடல்நோய் பல மாநிலங்களிற் பரவிற்று. 2014-இல் அத்தகைய நோய்ப்பரவல் மீண்டும் நேர்ந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இவ்வேலையின் அருகே விடலாகாது. மற்றவர் முடித்தபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். அத்தச்சர் வீட்டில் எலியை வெதுவெதுப்பாக்குவதற்கென்றே நீலநிறக் கிண்ணம் ஒன்று கொட்டகையில் தொங்கும். நான் அங்கிருந்த ஓராண்டில் அது சமையலறைப் படியேறி வந்ததை ஒருநாளும் கண்டதில்லை.