கண்ணில் நீர், மூக்கில் அடைப்பு: காசநோயாகவும் இருக்கலாம்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் சற்று நேரத்தில் தொண்டை கசக்கிறதே, ஏன்? இமைகளின் உள்முனையில் மிகச் சிறிய துவாரங்கள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே கண்ணீர்ப்பைக்குப் போய், ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. மருந்தும் அதே வழியில்தான் போகிறது. மூக்கில் உள்ள நோய்க்கும் அது கண்ணுக்கு ஏறும் வழி.

காசநோய் இந்தப் பாதையில் வருவது அரிது. வந்தாலோ, கண்டுபிடிப்பது கடினம். ஒரு கண்ணில் ஓயாமல் நீர் வடியும், கண்முனையில் வீக்கம் இருக்கும், அதே பக்கத்து மூக்கு அடைக்கும், பொருக்குத் தட்டும், சளியில் இரத்தம் தெரியும். இருமலும் காய்ச்சலும் இல்லாமல் போகலாம். மார்பு எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால் சாதாரண அடைப்பென்றே பல நாள் வைத்தியம் நடக்கும்.

உண்மையைச் சொல்வது சதைப் பரிசோதனைதான். எடுக்கும் துணுக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போகும். அதை நுண்ணோக்கியில் பார்த்து, காசநோய்க்குரிய கட்டிகள் உண்டா என்று சொல்வார்கள். ஆனால் சார்காய்டோசிஸ், தொழுநோய், பூஞ்சைத் தொற்று ஆகியவற்றிலும் இப்படிப்பட்ட கட்டிகள் வரும். எனவே கிருமியையே தேட வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும் என்பதால், மற்றொரு துணுக்கை உப்புநீரான சலைனில் அனுப்ப வேண்டும். அதில் சிபிநாட் பரிசோதனை செய்தால் சுமார் 2 மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று தெரியும். இந்த இடங்களில் கிருமிகள் குறைவு. ‘இல்லை’ என்று வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும்.

நோய் உறுதியானால் பெரும்பாலும் 6 மாதக் கூட்டு மருந்து போதும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ரிஃபாம்பிசினால் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகும், பயம் வேண்டாம். எத்தாம்புட்டால் என்ற மருந்தைச் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண் மருத்துவரிடம் போனால் மூக்கைப் பற்றியும், மூக்கு மருத்துவரிடம் போனால் கண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் மறைக்காதீர்கள். கண்ணீர்ப்பையில் அறுவை சிகிச்சை நடந்தால், எடுத்த சதையின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்.