விளிம்பில் நிற்கும் பெயர்

(விழா அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசற்காட்டில் வானம் பொய்த்த ஆண்டுகளில் வீட்டு வெள்ளி அடகுக்கடை ஏறுவது பழைய வழக்கம். கொலுசுக்கும் அரைஞாணுக்கும் நடுவே ஒரு வட்டப் பதக்கமும் கிடக்கக்கூடும். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் குதிரைமேல் ஆடையற்ற வீரன், குளம்படியில் கழுகுக் கேடயம். விட்டம் 36 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ ஓர் அவுன்சு. தட்டார் தராசில் அவ்வளவே அதன் மதிப்பு.

முதல் உலகப்போரில் பணிபுரிந்தோர்க்கென ஆங்கிலப் பேரரசு 1919இல் நிறுவிய பதக்கம் இது. வெள்ளியில் ஏறத்தாழ 65 இலட்சம் வழங்கப்பட்டன. சுமை தூக்கிய, குழி வெட்டிய தொழிலாளர் படையினர்க்கோ வெண்கலம். குண்டு இருவரையும் ஒன்றாகவே கண்டது; உலோகத்தில்தான் பேரரசு வேற்றுமை பாராட்டியது.

63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கியது. தேனை விலக்கிய இவ்வவையினர் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு: அப்போரில் கலைந்த தேனீக்களும் படையினரைக் கொட்டித் துரத்தின.

பதக்கத்தில் காணவேண்டியது முகமன்று, விளிம்பே. படைஞன் எண், பதவி, பெயர், படைப்பிரிவு யாவும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்திருக்கலாம். ஆயினும் அது ஒருவனுடைய பெயர். போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் நட்ட நினைவுக் கற்களிலோ, சென்றவர் இத்தனை, மாண்டவர் இத்தனை என்ற தொகை மட்டுமே காணப்படும்.

1979இன் தொடக்கத்தில் அவுன்சு 6 டாலர் அளவில் இருந்த வெள்ளி, 1980 சனவரியில் 50 டாலரை நெருங்கியது. அவ்வேளையில் உலைக்குச் சென்ற பதக்கங்கள் மிகப் பல. பதக்கத்தோடு பெயரும் உருகியது.

கொல்லாமையை முதலறமாகக் கொண்டோர் போர்ப்பதக்கத்தைப் பேணலாமா என்று வினவுவோர் உளர். போரைப் போற்றுவது வேறு, போனவன் பெயரைக் காப்பது வேறு. மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்டோர் தொகுக்கலாமா என்பதே கடினமான வினா. பேழை நிறையச் சேர்த்துப் பூட்டிவைப்பது பற்றுதான். விளிம்பைப் படித்து உரிய குடும்பத்தைத் தேடி ஒப்படைப்பது அவ்வாறன்று. அருப்புக்கோட்டைக்கு வடக்கே குரண்டியில் விளங்கிய திருக்காட்டாம்பள்ளித் துறவியரின் பெயர்களை இன்று அறிவது, மதுரைச் சமணர்மலைப் பாறையை எவரும் உடைக்காது விட்டமையால் அன்றோ?

கிடைத்த பதக்கத்தைப் புளியோ சாம்பலோ இட்டுத் துலக்குதல் கூடாது. விளிம்பெழுத்துத் தேய்ந்துபோகும். வளையம் பற்றவைத்தலும் தீது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாகும்.

உருக்கியே தீரவேண்டிய வறுமையும் உண்டு. அதைப் பழித்துப் பயனில்லை. அத்தகைய வேளையில், உலையில் இடுமுன் விளிம்பெழுத்தை ஒரு தாளில் படியெடுத்துத் தருமாறு தட்டாரிடம் கேட்கலாம். ஐந்து நிமிட வேலை அது.