விரலின் வேகம் குறைந்த பிறகு

2025-இல் வெளிவந்த ‘சின்னர்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு, அதன் இறுதியில் சிகாகோ கிளப் ஒன்றில் கிட்டார் வாசிக்கும் முதியவர் நினைவில் இருக்கலாம். அவர் வேடத்துக்காகக் கிட்டாரைக் கையில் எடுத்த நடிகர் அல்லர். புளூஸ் இசையின் மூத்த கலைஞர் படி கய். 1936-இல் லூசியானா மாநிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகையில் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர்; 1957-இல் சிகாகோவுக்குப் பிழைக்க வந்தவர். 1989-இல் அங்கே ‘லெஜண்ட்ஸ்’ என்ற கிளப்பைத் தொடங்கினார். ஜனவரி மாதங்களில் அவரே அங்கு மேடையேறுவது நெடுங்கால வழக்கம். இப்படி எண்பது வயதைக் கடந்த ஒருவரைக் காசு கொடுத்து நேரில் கேட்கப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்? பெரியவர் என்ற மரியாதைக்காக என்று சொல்லிவிடலாம். ஆனால் மரியாதையை விட வலுவான காரணம் அந்த இசையின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

புளூஸ் பாட்டின் சட்டகம் எளியது. பெரும்பாலும் பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்), மூன்று கார்டு (சுரக்கூட்டு). முதல் அடியைப் பாடி, அதையே திரும்பவும் பாடி, மூன்றாம் அடியில் விஷயத்தை முடிப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் நான்கு பார் இடம் உண்டு. குரல் அதில் ஏறக்குறைய பாதியோடு நின்றுவிடும். மிச்ச இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். அந்தப் பதிலைச் சற்றுத் தாமதித்துத் தொடங்குவதா, மோதிர விரலால் தந்தியைத் தள்ளி ஏற்றும்போது சுரம் முழுதாக எட்டும் முன்பே நிறுத்திவிடுவதா, ஒன்றும் வாசிக்காமல் இடத்தைக் காலியாக விடுவதா என்பதில்தான் கலைஞரின் தரம் தெரியும். இவை வேகத்தால் வருவதில்லை. காலக்கணக்கும் காதும் பழகிப் பழகி வருபவை. இன்னொரு புளூஸ் கிட்டார் கலைஞரான பி.பி. கிங் தமக்குக் கார்டு வாசிக்க வராது என்று வெளிப்படையாகவே சொன்னவர். மணிக்கட்டின் அசைவில் அதிரும் ஒற்றைச் சுரங்களைக் கொண்டே அவர் உலகப் புகழ் பெற்றார். முதுமை முதலில் பறிப்பது வேகத்தை. புளூஸுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் அதுதான்.

அப்படியானால் முதுமை இந்த இசையைப் பாதிக்கவே பாதிக்காதா என்று கேட்கலாம். பாதிக்கும். அதே பி.பி. கிங், 2014-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தடுமாறி வாசித்தபோது ரசிகர்கள் முகத்துக்கு நேராகவே அதிருப்தியைக் காட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சிகாகோ நிகழ்ச்சியோடு அவருடைய மேடை வாழ்க்கை முடிந்தது. 2015 மே மாதம், 89 வயதில் காலமானார். பழைய புகழுக்காக எதையும் கைதட்டி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எதைக் கொண்டு அளப்பது என்பதில் தெளிவு வேண்டும். சுரங்களின் எண்ணிக்கை குறைந்தால் நஷ்டமில்லை. பதில் சொல்ல வேண்டிய இடம் தவறினால், சுருதி விலகினால், அங்கேதான் கலை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இளமையில் பதிவான இசைத்தட்டுகளே போதாதா என்பது அடுத்த கேள்வி. படி கய் விஷயத்தில் போதாது. 1960-களில் அவரைப் பதிவு செய்த செஸ் நிறுவனம், கிளப்பில் அவர் வாசித்த முரட்டு வாசிப்பை அவருடைய சொந்தத் தட்டுகளில் பெரிதும் அனுமதிக்கவில்லை. வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியது. ஆகவே இளம் படி கய்யின் உண்மையான வாசிப்பில் பெரும்பகுதி தட்டில் ஏறவே இல்லை. இன்னொன்று, ஒலியளவு. மேஜைப் பேச்சும் கண்ணாடிக் குவளைச் சத்தமும் மேலே கேட்கும் அளவுக்கு வாசிப்பைத் தாழ்த்தி, கூட்டம் தானாகவே அடங்கியதும், எதிர்பாராத நொடியில் முழு வீச்சில் அடிப்பது அவருடைய கைவரிசை. வீட்டில் ஒலிபெருக்கியின் குமிழைத் திருப்பி இதைப் பெற முடியாது. இதற்குத் தாழ்ந்த கூரையும், எதிரே ஆட்களும் வேண்டும்.

இந்த நேரடி புளூஸ் சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிப்பொருளாகிவிட்டது என்ற குறையில் உண்மை உண்டு. 1972 முதல் படி கய் நடத்திய ‘செக்கர்போர்டு லவுஞ்ச்’, கறுப்பின மக்கள் வாழ்ந்த தென்பகுதியில் இருந்தது. ‘லெஜண்ட்ஸ்’ இருப்பதோ நகர மையத்தில். கேட்பவர்கள் மாறிவிட்டார்கள். ஆனால் அதனால் வாசிப்பவர் உறைந்துபோனார் என்று ஆகாது. படி கய்க்கு முதல் கிராமி விருதைத் தந்தது 1991-இல், அவருடைய 55-ஆம் வயதில் வந்த ஆல்பம். 2018-இல் வந்த ஆல்பத்துக்கு விருது கிடைத்தபோது வயது 82. பழைய வெற்றியைத் திருப்பி விற்பவருடைய கணக்கு இப்படி இருக்காது.

ஆகவே ஒரு மூத்த புளூஸ் கலைஞரைக் கேட்கும் வாய்ப்பு அமைந்தால், விரல்கள் எவ்வளவு விரைவாக ஓடுகின்றன என்று பார்க்க வேண்டாம். பாடிய அடி முடிந்ததும் கிட்டார் எப்போது வாய் திறக்கிறது என்று கவனியுங்கள். அந்தக் கணக்கு சரியாக இருக்கும் வரை, அவர் இரக்கத்துக்குரிய முதியவர் அல்லர். தொழிலில் இருக்கும் கலைஞர்.