வேலூர்ப் புரட்சியும் பாலாற்று விவசாயியும்

(ஜூலை 10 வேலூர்ப் புரட்சி நினைவு நாள் விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுதந்திரப் போராட்டம்னு சொன்னதும் நம்ம பிள்ளைங்க தண்டி, சம்பரான், ஜாலியன்வாலாபாக்னு ஒப்பிக்கிறாங்க. தப்பில்லை. ஆனா ஆம்பூர், ஆற்காடு, திருப்பத்தூர், வேலூர்னு நாம தினமும் பஸ் ஏறி இறங்குற ஊருங்க இருக்கே, அந்தக் கதையில் இதுங்களுக்கு எவ்வளவு பெரிய பங்குன்னு யாரும் சொல்லித் தர்றதில்லை.

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த சண்டையில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். எதிரி சந்தா சாகிப்புக்குத் துணை பிரெஞ்சுக்காரன். அன்வருதீன் மகன் முகமது அலி ஆங்கிலேயக் கும்பினியைத் துணைக்குக் கூப்பிட்டார். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தான். துணைக்கு வந்தவன் கூலி கேட்டான். கூலி கடனாச்சு, கடன் வட்டியாச்சு, அதுக்கு ஈடா நம்ம பாட்டன் பூட்டன் கட்டின நிலவரி வசூலையே எழுதிக் கொடுத்தாங்க. 1801-ல் கர்நாடக ராஜ்ஜியமே கும்பினி கைக்குப் போய்விட்டது. கந்துவட்டிக்காரனிடம் மாட்டினவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதுக்கு முன்னாடியே, 1792-ல், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கும்பினிக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் இருந்துகொண்டு அதை நிர்வாகம் பண்ணினான். அவனுக்கு உதவியாளர்களில் ஒருவன் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, உழவன் பேரிலேயே வரி போடும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாச்சு. 1820-ல் மன்றோ சென்னை கவர்னர் ஆனதும் மாகாணம் பூராவும் பரவியது. இடையில் ஜமீன்தார் இல்லையே, நல்லதுதானேன்னு கேட்கலாம். ஆனா வரியைப் பணமாகக் கட்டணும். கட்டாவிட்டால் ஜப்தி. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் வடஆற்காட்டு ஜனங்கள் வாடினபோதும் தானிய வியாபாரத்தில் தலையிட மாட்டோம்னுதான் சர்க்கார் நின்றது.

இப்போ வேலூர்க் கோட்டைக்கு வருவோம். கும்பினிப் பட்டாளத்தில் இருந்த சிப்பாய்களில் ஏர் பிடிச்ச வீட்டுப் பிள்ளைங்க ஏராளம். தலைமைத் தளபதி ஜான் கிரடாக் புது உத்தரவு போட்டான். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. தலைக்குத் தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகை. அதில் தோலால் செய்த குஞ்சம். என்ன தோலோன்னு இந்துவுக்கும் சந்தேகம், முஸ்லிமுக்கும் சந்தேகம். தோலுக்குப் பேர்போன நம்ம சீமையில் வெள்ளைக்காரனுக்கு எதிரான பெரிய கலகத்துக்கு ஒரு துண்டுத் தோலும் காரணமாச்சு பாருங்க!

மே மாதமே சிப்பாய்கள் மறுத்தாங்க. ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 900 சாட்டையடி. அடிச்சா அடங்கிடுவான்னு நினைச்சாங்க. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. கர்னல் ஃபேன்கோர்ட் செத்தான். மைசூர் சுல்தான் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தான். கோட்டை விழுந்தது. சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டான். மொத்தத்தில் செத்த சிப்பாய்கள் 350-க்கும் மேலே.

தோற்றுப் போனாங்கன்னு பாடப்புத்தகம் முடிச்சிடும். ஆனா அந்தத் தலைப்பாகை உத்தரவு அதே மாதம் வாபஸ் ஆச்சு. மறு வருஷமே கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டாங்க. அதை வாபஸ் வாங்க வைத்தது அந்த நூற்றுக்கணக்கான உயிர்தான். மனு எழுதிக் கெஞ்சி வந்ததில்லை.

அதுக்கப்புறம் வேலூர் ஜெயில். 1921 கடைசியில் ராஜாஜியை அங்கேதான் அடைத்தார்கள். கேரளத்து விவசாயிகள் தலைவர் ஏ.கே. கோபாலன் 1941-ல் அதே ஜெயிலிலிருந்து தப்பிப் போனார். பேர் தெரியாத எத்தனையோ உழவர்களும் நெசவாளிகளும் அங்கே களி தின்றார்கள்.

ஐயா, இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்? வெள்ளைக்காரன் விளைச்சலை எடுத்தான். விளைச்சல் போனாலும் நிலம் மிஞ்சியது. நம்ம காலத்தில் நிலமே போச்சு. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதப்படுத்தின காலம் மாறிக் குரோம் உப்பு வந்தது. டேனரிக் கழிவு பாலாற்றில் இறங்கியது. கிணற்றுத் தண்ணியில் நெல்லு கருகியது, தென்னை குரும்பை உதிர்த்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போச்சுன்னு அதிலேயே எழுதியிருக்கு. மாசுபடுத்தினவன்தான் ஈடு கட்டணும் என்ற சட்டத்தை நாடு பூராவும் இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் பேசுறாங்க.

ஈடு எவ்வளவு? 2001-ல் சுமார் 29,000 பேருக்குச் சுமார் 27 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க, தலைக்குப் பத்தாயிரம் கூடத் தேறாது! ஒரு போர் போடக் காணுமா இது? 2009-ல் இன்னொரு உத்தரவு. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கு: பாக்கி இழப்பீட்டை அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூலிக்கணும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடணும்னு.

ஒன்று சொல்லிடறேன். டேனரியில் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்றவன் நமக்கு எதிரி இல்லை. அவனும் நம்ம ஊர்க்காரன், பாதிப்பேர் நிலமிழந்து அங்கே போனவன். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து செத்த பத்துப் பேரும் தொழிலாளிகள்தான். இந்து, முஸ்லிம்னு நம்மைப் பிரித்துப் பேச வர்றவங்க, கோட்டையில் சேர்ந்து செத்தவங்களை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

அதனால் இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எல்லாரும் வந்து சேருங்க. பட்டா, சிட்டா நகல், 2001-லோ 2009-லோ இழப்பீடு வாங்கியிருந்தால் அந்தச் சீட்டு, வாங்காதவங்க சர்வே நம்பரோடு ஒரு வெள்ளைத்தாள் மனு. கிணற்றுத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்து, ஊர்ப் பேரும் சர்வே நம்பரும் ஒட்டி எடுத்துக்கிட்டு வாங்க. கலெக்டர் மேஜை மேலே வைப்போம்.