தூக்குவாளியைப் பார்த்து வரைவோம்



ஓவிய வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பெரும்பாலும் எளிய பொருள்களைத்தான் முதலில் வைப்பார். மேசைமேல் ஒரு செம்பு, இரண்டு கத்தரிக்காய், மடித்த துண்டு ஒன்று. ‘ஸ்டில் லைஃப்’ என்பார்கள். அசையாப் பொருளை உள்ளபடியே பார்த்து வரைவது.

செம்பின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். அதனால் பழகாத கை அதை முழு வட்டமாகவே வரைந்துவிடும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். “தெரிந்ததை வரையாதே, காண்பதை வரை” என்று ஆசிரியர் திருத்துவார்.

பென்சிலில் விளிம்பைக் கற்கிறார்கள், கரித்துண்டில் நிழலைக் கற்கிறார்கள். நீர்வண்ணத்தில் பாத்திரத்தின் பளபளப்புக்காகத் தாளின் வெள்ளையை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் அதே ஒளியைக் கடைசியாக மேலே வைக்கலாம். ஒரே செம்பைத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓவியம் நம் பகுதிக்குப் புதிதல்ல. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சான நாட்காட்டிகள் வழியே வீடு வீடாகப் போயின.

1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ ஒரு பழக்கூடையை மட்டும் தனியாக வரைந்தார். ஆப்பிளில் புழுத் துளை, காய்ந்து சுருண்ட இலை, எதையும் அவர் மறைக்கவில்லை. அந்த ஓவியம் மிலான் பேராயர் கர்தினால் ஃபெடரிகோ பொரோமியோவிடம் இருந்தது. 1601-இல் எம்மாவு விருந்தை வரைந்தபோதும் மேசை விளிம்பில் ஒரு பழக்கூடையை அவர் வைத்தார். அந்தச் சீடர்கள் ஆண்டவரோடு வழிநெடுக நடந்தும் அவரை அறியவில்லை. அன்றாடம் உண்ணும் அப்பத்தை அவர் பிட்டபோதுதான் அவர்கள் கண்கள் திறந்தன.

நம் கண்கள் திறந்திருக்கின்றனவா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் “எத்தனை பேர்?” என்று கேட்கிறோம். எண்ணிக்கை தெரிந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். பார்க்காமலே வட்டம் போடும் கையைப் போலத்தான் இதுவும்.

ஆகவே இந்த வாரம் ஒரு பயிற்சி. ஆலைக்குப் போகும் அம்மாவோ அண்ணனோ கொண்டுபோன தூக்குவாளியை மாலையில் மேசைமேல் வையுங்கள். அரைமணி நேரம் குடும்பமாக உட்கார்ந்து வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. எங்கே நசுங்கியிருக்கிறது, கைப்பிடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதைத் தூக்கிச் சென்றவரிடம் கேளுங்கள்: “இன்று அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தீர்கள்? மரத்தடியில் வேலை செய்யச் சொன்னார்களா? மருந்தை யார் கலக்கினார்கள்?”

ஆலை நடத்தும் சகோதரர்களும் தங்கள் ஆலையில் வரிசையாக இருக்கும் தூக்குவாளிகளை ஒருநாள் நின்று பாருங்கள். ஒவ்வொன்றும் மாலையில் வீடு திரும்ப வேண்டும். அந்தப் பொறுப்பு உங்களுடையது.

ஆண்டவரே, எங்களோடு வாழ்பவர்களை உள்ளபடியே காணும் கண்களையும், கண்டபின் சும்மா இராத மனத்தையும் எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.